பெண் பக்கம் காலி

ஜோன்ஜு,
அக்டோபர் 14

அன்புள்ள தோ-கியோம் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உல்சான் கப்பல் கட்டும் தளத்தில் காற்று கடுமை என்றீர்கள். கழுத்துத் துணியை மறக்காதீர்கள். கைப்பேசியில் எழுதினால், செய்திக்குப் பக்கத்தில் நின்று, நீங்கள் படித்ததும் மறைகிற அந்த ‘1’ மறைந்ததா என்று வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் காகிதம்.

நேற்று ஒரு பெண்மணி போன் செய்தார். கல்யாணங்களுக்கு வாடகை விருந்தினர் அனுப்பும் நிறுவனமாம். “அக்கா, உங்க ஸ்கூல் தோழிங்க எட்டு பேர் ரெடி. மாப்பிள்ளைதான் ஏற்பாடு பண்ணாரு. ஸ்கூல்ல உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க? பொண்ணுங்க மனப்பாடம் பண்ணணும்” என்றார். ‘கிருமி’ என்றேன். சற்று யோசித்துவிட்டு, “முயல்குட்டின்னு வெச்சுக்கலாமா?” என்றார். தொழில் தெரிந்தவர்.

உங்களைக் குறை சொல்லவில்லை. நண்பர்களோடு எடுக்கும் படத்தில் பெண் பக்கம் காலியாக இருந்தால், “பொண்ணுகிட்ட என்னமோ கோளாறு” என்று உங்கள் அத்தைகள் பேசுவார்கள் என உங்கள் அம்மா பயப்படுகிறார். நியாயமான பயம். பேசுவார்கள்.

நடுநிலைப் பள்ளியில் மூன்று வருடம் என் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே யாரும் உட்கார்ந்ததில்லை. அந்த வகுப்பு கலைந்து பதினாறு வருடமாகிறது. நான் மட்டும் இன்னும் தினமும் போய்வருகிறேன். உணவகத்தில் பரிமாறும் பெண்ணிடம் நீங்கள் சிரித்தால், என்னைப் பற்றித்தான் என்று நினைப்பேன். நீங்கள் விட்டுப்போவதற்குள் நானே மூன்று முறை விட்டுப்போனேன். மழை பெய்ததற்குக்கூட உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். நீங்களும் பெருந்தன்மையாக மன்னித்தீர்கள்.

எட்டுப் பேரையும் ரத்து செய்துவிட்டேன். என்னோடு பேசாதவர்களின் வேடத்தில் ஆள் பிடித்து நிறுத்துவது, அவர்களுக்குச் செய்யும் மரியாதை. அதை நான் செய்ய மாட்டேன். என் பக்கம், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி நா-யோங் மட்டும் நிற்பாள். “நான் ரெண்டு ஆள் அகலம், கவலைப்படாதடி” என்கிறாள். மீதி இடம் காலியாகவே இருக்கும். அத்தைகள் கேட்டால் உண்மையைச் சொல்வேன், விருந்துக்கு முன்பே.

இதில் உங்களுக்கு வெட்கம் என்றால் இருபத்தாறாம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள். இந்த முறை நான் ஓடப்போவதில்லை. போவதென்றால் நீங்கள்தான் போக வேண்டும். மன்னிப்பும் கேட்கப்போவதில்லை.

வருவதாக இருந்தால் ஒன்று. படம் எடுப்பவர் உங்களைச் சரியாக நடுவில் நிற்கச் சொல்வார். கொஞ்சம் என் பக்கம் தள்ளி நில்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
பெக் யோன்-சு