வாயில் விரல் வைத்த வீடு

மார்ச் 3, திங்கள்

சுண்டு,

உன் பொண்ணு இன்று என் செருப்பில் ஒன்றைத் தூக்கி அரிசி வாளிக்குள் போட்டு மூடிவிட்டாள். கட்டிலுக்கு அடியில் தேடினேன், படிக்கட்டில் தேடினேன், எதிர்வீட்டு நாயைக்கூடச் சந்தேகப்பட்டேன். மத்தியானம் சோறு வைக்க அரிசி எடுக்கும்போது கையில் அகப்பட்டது. பொடிசு பக்கத்தில் நின்று, வாயில் விரல் வைத்து என்னைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லாதே என்று அர்த்தம். நான் யாரிடம் சொல்ல? உன்னிடம்தான்.

சொல்ல முடியாது, எழுதத்தான் முடியும். உன் வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் பேக்கரி அடுப்பு முன்னால் நின்றுவிட்டு காலையில் வந்து படுக்கிறார். ஒரு அறை, ஒரு சமையலறை, நடுவில் ஒரு திரைத்துணி. வாயைத் திறந்தால் அவர் எழுந்துவிடுவார். நீ போன பிறகு அந்த மனுஷனுக்கு மிச்சம் இருப்பது தூக்கம் ஒன்றுதான், அதையும் கெடுக்கலாமா? அதனால் எனக்கும் பொடிசுக்கும் எல்லாம் கை ஜாடைதான். வயிற்றைத் தட்டினால் பசி. கன்னத்தில் கை வைத்தால் அப்பா தூங்குகிறார். விரலை உதறினால் இஸ்திரிப் பெட்டி சூடு, கிட்டே வராதே.

என் எழுத்து அஞ்சாவதோடு நின்றுபோன எழுத்து. கோணல்மாணலாக இருக்கும். சிரிக்காதே.

மார்ச் 5, புதன்

மாடி வீட்டு வாத்தியார் கூலிக்குக் கொடுத்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன். பொடிசு அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள். திரும்பத் துவைத்து, திரும்பக் காயவைத்து, திரும்ப இஸ்திரி. திட்டினேன் — ஜாடையில்தான். ஜாடையில் திட்டினால் கோபம் வருவதே இல்லை, சிரிப்புத்தான் வருகிறது.

மார்ச் 7, வெள்ளி

இன்று டாக்டரிடம் போனோம். ஊசி, எடை, உயரம் எல்லாம் பார்க்கிற நாள்.

கிளம்புவதற்கே பெரும் பாடு. வலது ஷூவை இடது காலில்தான் போடுவேன் என்று அடம். சரி, உன் கால், உன் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் வழுக்கையை மெதுவாகத் தட்டிப் பார்த்தாள். நல்ல மனுஷர். "கதவு திறக்காது பாப்பா, உள்ள யாரும் இல்ல" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன் சுண்டு, சத்தமாக. என் சத்தம் எனக்கே புதுசாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பையன் கூரை பறக்கிற மாதிரி அழுதுகொண்டிருந்தான். பொடிசு என் மடியிலிருந்து இறங்கிப் போய், தன் விரலை அவன் உதட்டில் வைத்தாள். அவன் திகைத்துப்போய் வாயை மூடிவிட்டான். அவன் அம்மா என்னைப் பார்த்து, "உங்க பொண்ணுக்கு எவ்ளோ அடக்கம்! எப்படித்தான் வளக்குறீங்க?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பெருமை.

உள்ளே போனோம். டாக்டரம்மா கறார் பேர்வழி. எடை பரவாயில்லை என்றாள். பல்லை எண்ணினாள். பின்னால் நின்று ஒரு சின்ன மணியை ஆட்டினாள், பொடிசு சட்டென்று திரும்பினாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"எத்தனை வார்த்தை பேசுறா?"

பொடிசை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தேன்.

"ஒண்ணு ரெண்டு சொல்லுங்க. தண்ணி, பால், நாய், ஏதாச்சும்?"

"எல்லாம் புரிஞ்சுக்குவா டாக்டர். ரொம்பப் புத்திசாலி."

"அதைக் கேக்கல. வாயைத் திறந்து என்ன சொல்லுவா?"

அப்போது பொடிசு செய்தாளே ஒரு காரியம்! டாக்டரம்மாவைப் பார்த்து வாயில் விரல் வைத்தாள். அப்புறம் கன்னத்தில் கை வைத்துக் கதவுப் பக்கம் காட்டினாள். அப்பா தூங்குகிறாராம். டாக்டரம்மா சத்தம் போடக்கூடாதாம்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வீட்ல யாருமே பேச மாட்டீங்களா?" என்றாள்.

சொன்னேன். அவள் அம்மா மூன்று நாள் காய்ச்சலில் போனதை, நான் அவள் பெரியம்மா என்பதை, ராத்திரி வேலையை, திரைத்துணியை. எல்லாம்.

"காது நல்லாக் கேக்குது, நாக்கும் நல்லா இருக்கு. ரெண்டு வயசாகப் போகுது, ஒரு வார்த்தையாவது வந்திருக்கணும். நீங்க பேசுங்கம்மா. அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க. அப்பவும் ஒண்ணும் வரலேன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். அங்க என்ன குறைன்னு பாக்கட்டும்."

"என்ன பேசுறது டாக்டர்?"

"துணி மடிச்சா துணி மடிக்கிறேன்னு சொல்லுங்க. அவ்ளோதான், பேசுறதுக்குப் பரீட்சையா வைக்கிறாங்க?"

ஊசி போட்டபோதுகூடப் பொடிசு சத்தமில்லாமல்தான் அழுதாள். வாயைக் கோணிக்கொண்டு, கண்ணில் மட்டும் தண்ணீர். அடக்கம் என்று நினைத்தேனே, சுண்டு! புள்ளை அழக்கூட பயப்படுதுடி. நான்தான்டி பழக்கிட்டேன். உன் புள்ளையை ஊமையாக்கிட்டேனா நான்?

மார்ச் 8, சனி

உன் வீட்டுக்காரர் சாயங்காலம் எழுந்ததும் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்காகவாக்கா ரெண்டு பேரும் வாயைக் கட்டிட்டு இருந்தீங்க?"

"நீங்க தூங்கணுமே தம்பி."

"எங்கக்கா தூங்கினேன்? கண்ணை மூடிட்டுப் படுத்திருப்பேன். இத்தனை மாசமா வீடு இப்படி அமைதியாக் கிடந்தா எப்படித் தூக்கம் வரும்? அவ இருந்தப்போ பாத்திரத்தை உருட்டுவா, அடுப்போட சண்டை போடுவா, போன்ல கத்துவா. அந்தச் சத்தத்துலதான் நான் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன்."

அடக்கடவுளே. அவர் தூங்குகிறார் என்று நான் பேசவில்லை. நான் பேசவில்லை என்று அவர் தூங்கவில்லை. நடுவில் புள்ளை மாட்டிக்கொண்டது.

மார்ச் 10, திங்கள்

பேச ஆரம்பித்தேன். "இது சட்டை. இது பட்டன்." பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. பள்ளிக்கூடம் எனக்கு எப்போது ஒத்து வந்தது? பொடிசு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுந்து வந்து என் வாயைக் கையால் பொத்தினாள்.

மார்ச் 11, செவ்வாய்

வழி கண்டுபிடித்துவிட்டேன். பொடிசிடம் பேசினால் எனக்கு வார்த்தை வருவதில்லை. உன்னிடம் பேசினால் கொட்டுகிறது. காலையில் அவள் காலுறையைக் காதில் மாட்டிக்கொண்டு வந்தாள். என்னையும் அறியாமல், "அய்யோ சுண்டு, இங்க வந்து பாருடி உன் பொண்ணு கோலத்தை!" என்று கத்தினேன். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. சுண்டு, இந்தக் காலர் மடங்க மாட்டேங்குதுடி. சுண்டு, வெங்காயம் தீர்ந்துபோச்சு. சுண்டு, தண்ணி வந்துடுச்சு, வாளியை எடு. நாள் முழுக்க.

திரைத்துணிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம். பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். குறட்டை! உன் வீட்டுக்காரருக்குக் குறட்டை வரும் என்று நீ என்னிடம் சொன்னதே இல்லையே, கள்ளி.

மார்ச் 15, சனி

கீழ் வீட்டுக்காரி படியில் நிறுத்தி, "யாரு வந்திருக்காங்க? ஒரே பேச்சுச் சத்தமா இருக்கு" என்றாள். விருந்தாளி என்று சொன்னேன். பொய் இல்லையே?

மார்ச் 24, திங்கள்

அழும்போது சத்தம் வருகிறது. கதவிடுக்கில் விரல் மாட்டி வீலென்று கத்தினாள். பாவம், வலி. ஆனால் எனக்குள் ஒரு சந்தோஷம். என்ன ஜென்மம் நான்!

மார்ச் 31, திங்கள்

வார்த்தை இன்னும் வரவில்லை. "ம்ம்" என்கிறாள், "ஆ" என்கிறாள். அவ்வளவுதான். டாக்டரம்மா சொன்ன நாள் நெருங்குகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டால்? உன்னையும் அங்கேதானே கொண்டுபோனோம். அந்தப் படியில் இன்னொரு தடவை ஏற என்னால ஆகாதுடி.

ஏப்ரல் 2, புதன்

ஜன்னல் பக்கம் நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ யோசனை. வாய் மூடியிருந்தது. பின்னாலிருந்து நைட்டியை யாரோ இழுத்தார்கள்.

"துந்து."

திரும்பவில்லை நான். பிரமை என்று நினைத்தேன்.

"துந்து!" — இந்தத் தடவை அதட்டல். காலி டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறாள். தண்ணீர் வேண்டுமாம்.

தண்ணீர் கொடுத்தேன். இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினேனா என்றுகூட நினைவில்லை. வாத்தியாரின் சட்டை கருகிவிட்டது. போகட்டும். பாவம் அந்த வாத்தியார், நம் வீட்டால் அவருக்கு நல்லதே நடப்பதில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

டாக்டரம்மா என்னைக் காட்டி, "பாப்பா, இது யாரு?" என்று கேட்டாள்.

"துந்து."

"அப்படின்னா?"

"அவ அம்மாவோட செல்லப் பேரு டாக்டர். நான் நாள் பூரா அவகிட்டதான் பேசிட்டிருக்கேன். இவ அது என் பேருன்னு நெனச்சுட்டா." பொடிசின் கையைப் பிடித்துக்கொண்டேன். "தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேனா?"

கறார் டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், ரொம்ப நேரம். "ஒரு ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுறா. எனக்கு அது போதும். பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டாம். பேச்சை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றாள்.

வெளியே வந்து பொடிசுக்கு ஒரு பலூன் வாங்கினேன். பஸ் ஏறுவதற்குள் வெடித்தது. இரண்டு பேரும் கத்தினோம்.

ஏப்ரல் 9, புதன்

தம்பியிடம் கேட்டேன், "என்னைப் பெரியம்மான்னு கூப்பிடப் பழக்கட்டுமா?"

சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே நின்றார். போட்ட பட்டனையே கழற்றித் திரும்பப் போட்டார். "மாத்தாதீங்கக்கா. காலையில திரைக்கு அந்தப் பக்கம் அவ அப்படிக் கூப்பிடுறது கேட்டுச்சு. ஒரு நிமிஷம் நான்..." வேலைக்குப் போய்விட்டார்.

இதோ, எழுத விடமாட்டாள். சமையலறையிலிருந்து கூப்பிடுகிறாள். அரிசி வாளியின் மூடி விழுகிற சத்தம் கேட்கிறது. இன்று எந்தச் செருப்போ தெரியவில்லை. துந்து, துந்து என்று தொண்டை கிழிகிறது. நான் எழுந்து ஓடத்தான் போகிறேன். ஓடுவதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லிவிடு, சுண்டு. அவ கூப்பிடுறது என்னையா, உன்னையாடி?