தவக்காலத்தில் தளர்த்த மறந்த கம்பிகள்

என் கண்ணான அப்பாவுக்கு,

உங்கள் பேத்தி ஸ்டெல்லா இப்போதுதான் தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வரி எழுதியதும் மறுபடி எழுந்து போய்ப் பார்ப்பேன். சிரிக்காதீர்கள். தலைப்பிள்ளை பெற்றவள் எல்லாம் இப்படித்தானாம், பக்கத்து வீட்டுச் சவரியம்மா அக்கா சொல்கிறார்.

சேதி என்னவென்றால், உங்கள் கிட்டார் மதுரைக்குப் போகவில்லை!

போகத்தான் இருந்தது. மாமா மகன் அமல் கேட்டிருந்தான். அவன் கல்லூரியில் பாட்டுக் குழு சேர்த்திருக்கிறார்களாம். அம்மாவும் சரி என்றுவிட்டாள். "ஈஸ்டருக்கு வாரான்ல, கொடுத்து விட்ருவோம். இங்க யாரு வாசிக்கப் போறா?"

நான் வாசிக்கிறேனே என்றேன்.

"நீ வாசிச்சா பச்சப்புள்ள அலறுது. அதுக்கு உங்கப்பா கையி வேணும்டி."

அலறியது நிஜம். நான் கம்பியைத் தொட்டாலே ஸ்டெல்லா உதட்டைப் பிதுக்குவாள். காதில் ஏதும் கோளாறோ, இல்லை தாத்தாவின் வாத்தியமே இவளுக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று எனக்குக் கவலை. ஆனால் குற்றம் பிள்ளையிடம் இல்லை அப்பா. நீங்கள் கல்லறைக்குப் போன பிறகு கிட்டாரின் குரலே மாறிவிட்டது. கம்பிகள் கழுத்தை விட்டு அவ்வளவு உயரத்தில் நின்றன. அழுத்தினால் விரல் நுனி வெந்தது, சுதியும் கோணியது. தகரத்தைக் கீறின மாதிரி ஒரு சத்தம்.

இத்தனைக்கும் அம்மா அதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினாள். சனிக்கிழமைதோறும் உங்கள் பழைய வேட்டித் துணியால் துடைப்பாள். கம்பியின் சுதி இறங்கினால் உடனே என்னைக் கூப்பிட்டு ஏற்றச் சொல்வாள். ஏற்றலாம், இறக்கக்கூடாது. கம்பி தொய்ந்தால் வீடே தொய்ந்த மாதிரி இருக்கிறதாம்.

இந்த வருடம் விபூதிப் புதனன்று கோயிலிலிருந்து நெற்றிச் சாம்பலோடு வந்ததும் அம்மா வழக்கம்போல, "தவக்காலம் வந்துருச்சு, பெட்டிய மூடி வையி" என்றாள். கிட்டார் பெட்டியின் மூடியில் கை வைத்தேன். அப்போதுதான் உங்கள் கை ஞாபகம் வந்தது. மூடுவதற்கு முன்னால் முறுக்காணி ஒவ்வொன்றாகத் திருப்பிக் கம்பிகளைத் தளர்த்துவீர்களே? மாடு முனகுகிற மாதிரி சுதி இறங்கி இறங்கி வரும், நான் விழுந்து விழுந்து சிரிப்பேனே? வாத்தியம் தொடாத நாற்பது நாளும் கழிந்து, ஈஸ்டர் மணி அடித்த பிறகுதான் மறுபடி முறுக்குவீர்கள்.

நீங்கள் போன பிறகு பெட்டியை மட்டும் ஒழுங்காக மூடினோம். தளர்த்தவில்லை.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தச்சர் பலகை பார்ப்பதுபோல் கழுத்தை நீளவாக்கில் பார்த்தேன். வில்லாக வளைந்திருந்தது. பௌதிகத்தில் பட்டம் வாங்கியவள் நான். ஆய்வுக்கூடத்தில் கம்பியில் எடை கட்டித் தொங்கவிட்டு இழுவிசைக்குக் கணக்குப் போட்டவள். அந்த இழுவை வருடக்கணக்கில் ஒரு மரத்தை என்ன செய்யும் என்பது வீட்டுக்குள் உறைக்கவில்லை, பாருங்கள்.

முதல் முறுக்காணியைத் திருப்பினேன். அம்மா ஓடி வந்தாள்.

"என்னடி பண்ற? அவுக சேத்து வச்ச சுதிடி அது!"

"தவக்காலத்துக்கு அவுகளேதானம்மா தளத்துவாக?"

அம்மா சமையலறைக்குப் போய் முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்துவிட்டாள். செத்த நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது: "மூணாவது ஆணி இறுக்கமா இருக்கும். பாத்துத் திருப்பு."

தவக்காலம் முழுக்கக் கிட்டார் ஓய்வெடுத்தது. வளைவு பாதிக்குமேல் நிமிர்ந்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை மத்தியானம், மணி அடிக்குமுன் பழுது மட்டும் பார்த்துவிடலாம் என்று, உங்கள் மருமகன் மதுரையிலிருந்து வாங்கி வந்த புதுக் கம்பிகளை மாட்டிப் பார்த்தோம். உயரம் இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும். கம்பிகள் ஏறி உட்காருகிற எலும்புத் துண்டின் அடியை அரத்தால் ராவ வேண்டியதுதான். ஆனால் ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாதே.

வீட்டுக்கு வீடு பூட்டுச் செய்கிற நம் தெருவில் அரத்துக்கா பஞ்சம்? சவரியம்மா அக்கா வீட்டில் கேட்டேன். "எந்தப் பூட்டுக்கு?" என்றார். கிட்டாருக்கு என்றேன். "அதுக்கும் பூட்டுப் போட்டுட்டாகளா உங்கம்மா!" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அளவுக்கு உங்கள் மேசையில் கிடந்த பழைய ரயில் அட்டை டிக்கெட்டுகளை எடுத்துக்கொண்டேன். கழுத்து உடம்போடு சேருமிடத்தில், மெல்லிய கம்பிக்கு அடியில் இரண்டு டிக்கெட் நுழையலாம், தடித்த கம்பிக்கு மூன்று. இதுதான் என் கணக்கு. ராவுவதும், மாட்டுவதும், டிக்கெட் சொருகிப் பார்ப்பதுமாக இருந்தேன். கீழே விரித்த துணியில் ஸ்டெல்லா ஒரு டிக்கெட்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். பிடுங்கினால் அழுகை, விட்டால் எனக்குப் பயம்.

கடைசியில் மீட்டினேன். தடித்த கம்பிகள் நன்றாகப் பேசின. மெல்லியவை இரண்டும் குளவி மாதிரி இரைந்தன. அந்தப் பக்கம் கூடுதலாக ராவிவிட்டேன்! எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. உங்கள் மருமகன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். தைரியசாலி.

அம்மாதான் வந்தாள். ஸ்டெல்லா சப்பிய டிக்கெட்டை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக் கத்திரியால் ஒரு கீற்று நறுக்கினாள். "ஆயுசு பூரா ஸ்டேசன் ஜன்னல்ல உக்காந்து டிக்கெட் குடுத்த மனுசன். டிக்கெட் இல்லாம ஓடுமாக்கும் அவுக வண்டி? இந்தா, அடியில வையி."

எலும்புத் துண்டுக்கு அடியில், மெல்லிய கம்பிகளின் பக்கம் வைத்தேன். மறுபடி கம்பி ஏற்றி, சுதி சேர்த்து, மெதுவாக ஒரு தடவை வருடினேன்.

அப்பா, அந்தக் குரல்! சத்தம் குறைவுதான். ஆனால் மரத்தின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. விரலை எடுத்த பிறகும் அறைக்குள் நின்றது. ஸ்டெல்லா உதட்டைப் பிதுக்கவில்லை. தவழ்ந்து வந்து கிட்டாரின் வயிற்றில் பட்டென்று ஒரு அடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இன்னொரு தடவை என்று அர்த்தம்.

ஈஸ்டரன்று அமல் வந்தான். "ஏலே அமலு, அது ஊருக்கு வாரதுக்கு இல்ல. வாசிக்கணும்னா நீ இங்க வாரது" என்றாள் அம்மா. அவன் முகம் தொங்கியது, கறிக்குழம்பு வந்ததும் நிமிர்ந்தது. சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வரை வாசித்துவிட்டுத்தான் போனான்.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் தளர்த்தியது தவக்காலத்துக்காகவா, மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்றா? அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதாண்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எதுவானால் என்ன? அடுத்த விபூதிப் புதனன்று மறக்காமல் தளர்த்துவேன் அப்பா, அதற்கு அடுத்த வருடமும். மூன்றாவது ஆணியை அம்மாவே திருப்பிக்கொள்கிறாளாம். ஸ்டெல்லா அந்த முனகலைக் கேட்டுச் சிரிக்கிறாளா என்று பார்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

தொட்டில் அசைகிறது. போய்ப் பார்த்துவிடுகிறேன்.

என்றும் உங்கள் மகள்,
ஸ்டெல்லாவின் அம்மா,
ரோசலின்