அட்டைப் பெட்டிகளுக்குக் கட்டிய கழிப்பறை

இன்று காலை கம்பெனி கேட்டைத் தாண்டியதும் பினாயில் வாசனை அடித்தது. உடனே நீ வந்துவிட்டாய். மற்றவர்களுக்குச் செத்துப்போனவர்களின் ஞாபகம் ஊதுபத்தியில் வரும், பூவில் வரும். எனக்கு நீ பினாயிலில் வருகிறாய். கோபித்துக்கொள்ளாதே. கம்பெனியில் பினாயில் வாசனை அடித்தால் சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்று அர்த்தம். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அந்த அம்பத்தூர் ஷெட்தான்.

நாம் இரண்டு பேரும் அங்கே ரப்பர் வளையங்களில் பிசிறு வெட்டி எட்டு வருடம் ஆகிறது. இப்போது திருமழிசையில் பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பிசிறு வெட்டுகிறேன். பொருள்தான் மாறியிருக்கிறது. பிளேடு அதேதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உனக்கு ஞாபகம் இருக்குமா? ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். அப்பா மத்திய சர்க்கார் பேக்டரியில் இருந்ததால் வீட்டில் கதவு வைத்த கக்கூஸ் இருந்தது. கதவு இல்லாத உலகம் எனக்குத் தெரியாது. பதினோரு மணிக்கு சூப்பர்வைசரிடம் போய்க் கக்கூஸ் எங்கே என்று கேட்டேன். அவர் ஷெட்டின் மூலையைக் காட்டினார். நீல பெயிண்டில் ‘பெண்கள்’ என்று எழுதிய கதவில் பூட்டு தொங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கூரைவரைக்கும் அட்டைப் பெட்டி. நீதான் என் கையைப் பிடித்து, இடிந்த காம்பவுண்டு வழியாக, பின்னால் இருந்த வேலிக்காத்தான் முள்புதருக்கு அழைத்துப் போனாய். உனக்கு என்னைவிட ஒரு வயதுகூட அதிகம் இருக்காது.

“மொதல்ல இருமு” என்றாய். “பதிலுக்கு இருமுனா உள்ள ஆளு கீதுன்னு அர்த்தம். நில்லு. அவ வெளிய வந்தா மூஞ்சியப் பாக்காத. எங்கியோ பாத்துகினு போ.”

அந்தப் புதருக்குள் ஒரு சட்டமே இருந்தது. ஷெட்டில் உடைந்துபோன ஓர் இரும்புப் பட்டையைக் கிளையில் சொருகி வைத்திருந்தாய். அதால் குழி தோண்ட வேண்டும். முடித்ததும் மண்ணைத் தள்ளி மூட வேண்டும். மாதவிலக்குத் துணியைக் காகிதத்தில் சுற்றி இன்னும் ஆழமாகப் புதைக்க வேண்டும். வாய்க்கால் பக்கம் மட்டும் யாரும் போகக் கூடாது, கீழே ஜனங்கள் அதில் தண்ணீர் மொள்கிறார்கள் என்பாய். பழைய பவுடர் டப்பாவில் தேய்ந்துபோன சோப்புத் துண்டு வைத்திருந்தாய். கை கழுவாமல் எவளாவது சாப்பாட்டுத் தூக்கைத் தொட்டால் உன் வாயிலிருந்து தப்ப முடியாது.

அப்படிப்பட்ட உன்னைத்தான், எங்கள் எல்லோரையும்தான், மேனேஜர் வரிசையில் நிறுத்தி ஒழுக்கம் சொன்னார். பொம்பளைகளுக்குக் கொஞ்சம் டீசன்சி வேண்டாமா, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டே நாறுகிறது என்றார். மறுநாள் காம்பவுண்டு சுவரில் ‘இங்கு அசுத்தம் செய்யாதீர்’ என்று போர்டு மாட்டினார்கள். அந்தப் போர்டுக்குக் கீழேயே, ரோட்டைப் பார்த்தபடி, ஆம்பளைகள் நின்று ஒன்றுக்குப் போனார்கள். அவர்களை யாரும் வரிசையில் நிறுத்தவில்லை.

“சாவி குடு சார், டீசன்டா போறோம்” என்றாய் நீ. எல்லோரும் சிரித்துவிட்டோம். அன்று மாலைவரை ஸ்டூலை எடுத்துவிட்டு உன்னை நிற்க வைத்தே வேலை வாங்கினார்கள்.

நீ செய்த ஒரே தப்பு தண்ணீர் விஷயத்தில்தான். பாடிப் பக்கம் இருந்த உன் வீட்டிலும் கக்கூஸ் கிடையாது, விடியும் முன் ரயில் தண்டவாளத்து ஓரம்தான். அதனால் எழுந்ததிலிருந்து வேலை முடியும்வரை ஒரு மடக்கு குடிக்க மாட்டாய். “நான் ஒட்டகம்டி” என்று பெருமையாகச் சொல்வாய். அதை நாங்கள் சாமர்த்தியம் என்று நினைத்தோம். எல்லோரும் பழகிக்கொண்டோம். புதிதாக வந்த இரண்டு பெண்களுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு அந்த அதிகாரி வந்த நாள். காலையில் நம்மையே விட்டுப் பெட்டிகளை வெளியே எடுக்க வைத்தார்கள். வாளி வாளியாகப் பினாயில் ஊற்றினார்கள். கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத புது மக் ஒன்றை வைத்தார்கள். யார் கேட்டாலும் தினமும் திறந்திருக்கும் என்று சொல்ல வேண்டும் என்றார் சூப்பர்வைசர். நீ என் காதில், எவன் வந்தாலும் நான் உள்ளதைச் சொல்லிவிடுவேன் என்றாய். ஆனால் உனக்கு ஒரு வாரமாகவே நீர்க்கடுப்பு. ஜீப் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டாய். சூப்பர்வைசர் கதவைத் தட்டினார்.

“மூணு வருசத்துல மொத தபா கதவ சாத்திகினு குந்திகீறேன். தொல்ல பண்ணாத அண்ணாத்தே” என்று உள்ளேயிருந்து உன் குரல் வந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மேனேஜருக்கு மட்டும் மூளை வேலை செய்தது. அதிகாரியை நேராக அந்தக் கதவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பாருங்கள் சார், உபயோகத்தில்தான் இருக்கிறது என்றார். நீ பட்ட வேதனையே அவருக்குச் சாட்சி ஆனது. அதிகாரி பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, தினமும் திறந்திருக்குமா என்று கேட்டார்.

“ஆமா சார்” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நீ வெளியே வந்தபோது ஜீப் போயிருந்தது. “இன்னாடி சொன்ன?” என்று கேட்டாய். சொன்னேன். நீ திட்டியிருக்கலாம். “தாப்பா நல்லா கீதுடி” என்று மட்டும் சொன்னாய். சாயங்கால பஸ்ஸுக்கு முன்னால் பெட்டிகளை மறுபடி நாமே உள்ளே அடுக்கினோம். வலியோடு நீயும் இரண்டு தூக்கினாய்.

அடுத்த வாரமே உனக்குக் குளிர் காய்ச்சல். இடுப்புக்கு மேலே வலி என்றாய். தெரு டாக்டர் ஊசி போட்டார். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது கிருமி சிறுநீரகத்தைத் தின்று ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் உன் அம்மாவிடம், “சுத்தமா இருக்கத் தெரியாதா உங்களுக்கெல்லாம்?” என்று கேட்டார். ஊரார் தண்ணீரில் தன் அழுக்கு சேரக் கூடாது என்று முள்ளைச் சுற்றிக்கொண்டு நடந்தவள் நீ. கட்டில் பக்கத்தில் நின்ற நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. பத்து நாளில் நீ போய்விட்டாய். வேறு ஒருத்தி உன் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

இங்கேயும் அதே கதைதான். இன்று காலை கக்கூஸில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் மூடி மூட்டைகளை நாங்கள் வெளியே தூக்கிப் போட்டோம். இங்கேயும் புது மக். பதினோரு மணிக்கு ஓர் அதிகாரி வந்தார், அதே கேள்வியைக் கேட்டார். வரிசை தலை குனிந்து நின்றது. நான் தலையை நிமிர்த்தினேன்.

“இன்னிக்குத்தான் சார் திறந்தாங்க. நேத்துவரைக்கும் உள்ள மூட்டை இருந்திச்சு. வேணும்னா நாளைக்குச் சொல்லாம வந்து பாருங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. நாளைக் காலையில் வந்ததும் ஆபீஸில் பார் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். எதற்கென்று தெரியும்.

வேலை முடிந்ததும் அந்தக் கதவுக்குப் போனேன். மூட்டைகளை இன்னும் உள்ளே அடுக்கவில்லை. பழக்கத்தில் இருமினேன். பதில் இல்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். வெளியே வந்தபோது கொண்டியில் பூட்டு சாவியோடு தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் எடுத்துத் தூக்குப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வேறு பூட்டு வாங்குவார்கள். வாங்கட்டும். எனக்கு வேலை போனால், அந்தப் புதுப் பூட்டைக் கழற்ற உள்ளே இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருத்தியையும் சேர்ந்த அன்றே என் பாட்டிலைக் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்தவள் நான். இருமவும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

உன் இரும்புப் பட்டையை நீ போன அன்றே நான் எடுத்து வந்துவிட்டேன், உனக்குத் தெரியாது. இப்போது வீட்டில் மேஜைமேல் அதன் பக்கத்தில் இந்தப் பூட்டு இருக்கிறது. காலையில் முதல் ஷிப்ட் பெண்கள் வரும்போது அந்தக் கதவு திறந்திருக்கும்.