கப்பல்காரரின் தீவில் அம்மா

பியோர்ண்டால், ஒஸ்லோ
02.03.2026

அன்பு மகள் ஜூலியாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் பயணம் முடிந்து வீடு வந்து ஒரு கிழமையாகிறது, மூக்கில் தோல் உரிவதைத் தவிர வேறு குறை இல்லை. பேர்த்தில் நீயும் மருமகன் மிதுசனும் சின்னவளும் அதே சுகத்தோடு இருக்க வேண்டுமென்று மடு மாதாவிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே இன்னும் பனி கிடக்கிறது, வாசற்படிக்கு உப்புப் போட்டுவிட்டு வந்துதான் உட்கார்ந்தேன். கையில் போன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல என்னால் முடியாது. முழுவதையும் வாசித்து முடிக்கும் வரை அழைக்காதே.

என் குணம் உனக்குத் தெரியும், கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவன். போன ஒக்டோபரில் இருந்து எனக்கு அம்மாவில் சந்தேகம். செவ்வாய்க்கிழமைகளில் பாடகர் குழுப் பயிற்சி என்று சொல்லி ஒரு பெரிய பையோடு போவா, இரண்டரை மணி நேரம் கழித்து வருவா. ஒருநாள் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் பாடகர் குழுவை நடத்துகிற அருளானந்தனைக் கண்டு, செவ்வாய்ப் பயிற்சி எப்படிப் போகிறது என்று சும்மா கேட்டேன். "செவ்வாயோ? எங்களுக்கு வெள்ளி மட்டும்தானே அண்ணை" என்றார். நான் சிரித்துச் சமாளித்துவிட்டு வந்தேன். அடுத்த செவ்வாய் அம்மா தொப்பியைக் கழற்றியபோது தலைமயிர் ஈரமாக இருந்தது. வெளியில் மழையும் இல்லை, பனியும் இல்லை. பையில் இருந்த துவாய் ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்தது போல மணத்தது. இவவுக்கு ஏதோ பெரிய நோய், எனக்கு மறைக்கிறா என்று அன்று இரவே முடிவு கட்டினேன்.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அதே எண்ணம். உன் அண்ணன் றொனால்டின் மனைவி ஹம்சத்வனி ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் என்பதால் அவள் அம்மாவோடு போனில் குசுகுசுப்பது எனக்கு வேறு விதமாகக் கேட்டது. நான் அறைக்குள் வந்தால் பேச்சு மாறி உடனே சமையலுக்குப் போய்விடும். அம்மா முன்னைவிட மெலிந்திருந்தா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருநாள் அவ குளிக்கப் போன நேரம் கைப்பையைத் திறந்து ஆஸ்பத்திரிக் கடிதம் இருக்கிறதா என்று தேடினேன். கடிதம் இல்லை, ஒரு சின்னப் பூட்டும் சாவியும் இருந்தன. எந்தப் பெட்டியைப் பூட்டுகிறா, அதற்குள் என்ன வைத்திருக்கிறா என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவா என்ற பயத்தில் கேட்கவில்லை.

அப்போதுதான் றொனால்ட் இந்தப் பயணத்தைச் சொன்னான். பெப்ரவரிப் பள்ளி விடுமுறைக்கு மயாமியில் இருந்து கப்பல், ஏழு நாள், எல்லோரும் சேர்ந்து. சப்பாத்து வாங்குவதற்குக்கூட மலிவு விற்பனை வரும்வரை பொறுத்திருக்கிற பிள்ளை திடீரென்று கப்பலில் ஏற்றுகிறேன் என்றால் என்ன அர்த்தம்? லில்லெஸ்ட்ரோமில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், தாய்க்கு நோய் முற்றியதும் பிள்ளைகள் இப்படித்தான் ஒரு நீண்ட பயணம் கூட்டிக்கொண்டு போனார்கள், மூன்று மாதத்தில் செத்தவீடு. ஏன் இப்ப என்று றொனால்டைக் கேட்டேன். "அப்பா, ஒரு கேள்வியும் கேக்காமல் ஒருக்கா வாங்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். போதாததற்கு நீயும் தைப்பொங்கல் அன்று அழைத்து, கடற்கரை நாளில் அம்மாவுக்குப் பக்கத்திலேயே இருங்கோ அப்பா என்றாய். உனக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் மறைக்கிறார்கள் என்று நினைத்து அன்று குளியலறைக்குள் போய் அழுதேன்.

கப்பலைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, அதை அம்மா சொல்லுவா. நான் சாப்பாட்டையும் பார்க்கவில்லை, ஆட்டபாட்டத்தையும் பார்க்கவில்லை, அம்மா எத்தனை கரண்டி சாப்பிடுகிறா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் காலையில் அந்தத் தீவில் இறக்கினார்கள். தீவு முழுக்கக் கப்பல் கொம்பனிக்குச் சொந்தமாம், அந்தக் கப்பலில் வருகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் இடமில்லை. வீடு இல்லை, கோயில் இல்லை, ஒரு நாய் கூட இல்லை. ஆனால் ஐந்நூறு சாய்கதிரை ஒரே நிறத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இறைச்சி, பழம், ஐஸ்கிறீம் எல்லாம் கேட்கக் கேட்கத் தருகிறார்கள், தருகிற ஒவ்வொருவனும் உன் பெயரைக் கேட்டுச் சிரிக்கிறான். சும்மா சிரிக்கிறவர்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. இதற்கு முன் இந்தத் தீவில் யார் இருந்தார்கள் என்று இரண்டு பேரைக் கேட்டேன், இரண்டு பேரும் ஐஸ்கிறீம் இருக்கும் இடத்தைக் காட்டினார்கள்.

நான் நீளக் காற்சட்டையும் சப்பாத்துமாகக் கடைசி வரிசையில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்திலும் அப்படித்தானே. துவாய் கொடுக்கிறவர் நாங்கள் தமிழ் கதைப்பதைக் கேட்டு வந்தார், ஜோர்ஜ் என்று பெயர், தூத்துக்குடிக்காரர், ஐம்பது வயது இருக்கும். "என்ன சார், இவ்வளவு தூரம் வந்துட்டுத் தண்ணிக்கு முதுகக் காட்டி உட்கார்ந்திருக்கீங்க? இங்க ஆழமே கிடையாது சார். கம்பெனிக்காரங்க தோண்டி, மண்ணு கொட்டி, கல்லு போட்டு அலைய நிறுத்தி வெச்சிருக்காங்க" என்றார். அந்த மனிதர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ கடலைக்கூடச் செய்து வைக்கிறவர்கள் எதைத்தான் செய்யமாட்டார்கள் என்று இன்னும் பயம் கூடியது.

பத்தரை மணி இருக்கும். றொனால்டின் மகள் எம்மா ஓடிவந்து அம்மாவின் காதுக்குள், "அப்பம்மா, நீங்க ரெடியா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள். கேட்டுவிட்டு என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா எழும்பி ஹம்சத்வனியோடு உடுப்பு மாற்றுகிற இடத்துக்குப் போனா. திரும்பி வரும்போது கழுத்தில் இருந்து கணுக்கால் வரை மூடிய கறுப்பு உடுப்பு, தலையில் இறுக்கமான தொப்பி. கழுத்துச் சங்கிலியைச் சிலுவையோடு கழற்றி என் கையில் வைத்து, "இதை வைச்சிருங்கோ" என்றா. கல்யாண நாளில் இருந்து அவ அந்தச் சங்கிலியைக் கழற்றி நான் கண்டதில்லை. அவ திரும்பிப் பாராமல் நடந்து கடலுக்குள் இறங்கினா. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. பிறகு முகம் குப்புறத் தண்ணீரில் விழுந்தா.

நான் கத்தினேனாம், எனக்கு நினைவில்லை. சப்பாத்தோடு ஓடிப்போய்த் தண்ணீருக்குள் பாய்ந்து அவவின் தோளைப் பிடித்து இழுத்தேன். நல்லாய்ப் போய்க்கொண்டிருந்த மனிசி என் இழுவையில் தண்ணீரைக் குடித்துப் புரைக்கேறி இருமினா. காவலுக்கு நின்ற பெண் விசிலை ஊதிக்கொண்டு வந்தாள். ஹம்சத்வனி, "மாமா விடுங்கோ, விடுங்கோ மாமா, மாமி நீந்துறா!" என்று கத்தினாள். அம்மா நிலத்தில் கால் ஊன்றி நின்று, "என்ன விசரே உங்களுக்கு? மாசக்கணக்காய்ப் படிச்சிட்டு வந்து நாலு முழம் போறதுக்கிடையில இழுத்து விழுத்திப் போட்டியள்!" என்றா. அப்போதுதான் எனக்கு விளங்கியது. செவ்வாய்க்கிழமை பெண்களுக்கு மட்டும் நீச்சல் வகுப்பு, துவாயில் மணத்தது குளோரின், அந்தப் பூட்டு அங்கே உடுப்பு வைக்கிற அலுமாரிக்கு. முதல் தரம் கடலில் இறங்குவது அலை இல்லாத இடமாக இருக்க வேண்டும் என்று றொனால்ட் தேடிப் பிடித்ததுதான் இந்தத் தீவு. நீ ஜனவரியில் சொன்னதும் இதற்குத்தான். உங்கள் எல்லோரிலும் எனக்கு இன்னும் கோபம் முழுவதும் போகவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

காவல்காரப் பெண் போனதும் நாங்கள் இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். "உனக்கு ஏதோ பெரிய வருத்தம், அதுதான் கூட்டிக்கொண்டு வந்தவங்கள் எண்டு நினைச்சனான்" என்றேன். அம்மா முதலில் சிரித்தா, பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினா. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "நீங்கள் விடமாட்டியள். கரோலினாவுக்குப் பிறகு நீங்கள் ஒரு வாளித் தண்ணியைக்கூட நம்பேல்லையே" என்றா.

மகள், இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தின் காரணம். விறாந்தையில் படமாக இருக்கிற கரோலினாச் சித்தி, அம்மாவின் தங்கை, காய்ச்சலில் செத்தவ என்று உங்கள் இரண்டு பேருக்கும் சொல்லியிருக்கிறோம். அது பொய். தொண்ணூறாம் ஆண்டு பேசாலையில் இருந்து வள்ளத்தில் இராமேஸ்வரம் போனதும் மண்டபம் முகாமில் இருந்ததும் உனக்குத் தெரியும். நடுவில் நடந்தது தெரியாது. விடிகிற நேரம் வள்ளக்காரன் எங்களை ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டு, அந்தா தெரியுது கரை, நடந்து போங்கோ என்று சொல்லித் திரும்பிவிட்டான். திட்டுக்கும் அடுத்த திட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை இழுத்துக்கொண்டு ஓடியது. என் தோளில் றொனால்ட், பதினொரு மாதம். நான் முன்னால் போனேன், அம்மாவும் சித்தியும் பின்னால் வந்தார்கள். சத்தம் கேட்டுத் திரும்பினேன், அம்மா மட்டும்தான் நின்றா. சித்தியின் தலை இருபது மீற்றர் தள்ளி ஒருமுறை தெரிந்தது. எனக்கு நீந்தத் தெரியும், கடற்கரையில் பிறந்தவன். ஆனால் பிள்ளையை எங்கே வைப்பது? நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் மீன் பிடிக்கப் போனவர்கள் கண்டெடுத்துக் கொடுத்தார்கள். தங்கச்சிமடத்தில் அடக்கம் செய்தோம். அவவுக்குப் பத்தொன்பது வயது.

அன்று தொடக்கம் எனக்கு ஒரே சந்தேகம்தான், மற்றச் சந்தேகம் எல்லாம் அதன் குட்டிகள். நீந்தத் தெரிந்தும் போகாமல் நின்றவன் என்று அம்மா என்னை மனதுக்குள் பழிக்கிறா என்ற சந்தேகம். அவ பேசாமல் இருந்தால் அதற்காக, கோபித்தால் அதற்காக, கோயிலில் கூட நேரம் முழங்காலில் இருந்தால் அதற்காக. முப்பத்தைந்து வருடம் ஒரே வீட்டில் படுத்து எழும்பிக்கொண்டு இதை நான் கேட்கவில்லை. அந்தத் தீவில், சப்பாத்துக்குள் மணல் நிறைந்து நின்றபோது வாயில் வந்துவிட்டது. "இவ்வளவு காலமும் என்னிலதானே பழி போட்டுக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

அம்மா என்னை விளங்காமல் பார்த்தா. "உங்களிலயோ?" என்றா. பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னா. "ஒரு கையில அவளைப் பிடிச்சிருந்தனான், மற்றக் கையில பை. ஓடைக்குள்ள பை நழுவிச்சுது. அதைப் பிடிக்கத்தான் அவளை விட்டனான். ஒரு நிமிசம் விட்டிட்டுப் பிடிக்கலாம் எண்டு நினைச்சன். நீங்கள் திரும்பிப் பாத்தனீங்கள்தானே, கண்டிருப்பியள் எண்டு நினைச்சன். கண்டும் ஒருநாளும் கேக்காமல் இருக்கிறார் எண்டு நினைச்சு நினைச்சுத்தான் உங்களோட இருந்தனான்."

அந்தப் பைக்குள் எங்கள் அடையாள அட்டையும் திருமணப் பதிவும் றொனால்டின் பிறப்புப் பத்திரமும் பால்மாப் பேணியும் இருந்தன. அந்தக் கடதாசிகளைக் காட்டித்தான் இந்த நாட்டில் எங்களுக்கு இடம் கிடைத்தது. நான் எதையும் காணவில்லை ஜூலியா. சத்தியமாகக் காணவில்லை. அதைச் சொன்னேன். அம்மா அழுதா, நானும் அழுதேன், பக்கத்தில் மிதவையில் படுத்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி மெல்லத் துடுப்புப் போட்டு விலகிப் போனா. நிறைய நேரத்துக்குப் பிறகு அம்மா முகத்தைக் கழுவிவிட்டு, "இப்ப விடுங்கோ, அந்தா மிதக்கிற மஞ்சள் கயிறு வரைக்கும் போயிட்டு வரவேணும். நீச்சல் ரீச்சருக்குச் சொல்லிப்போட்டு வந்தனான்" என்றா. போனா. தவளை மாதிரிக் காலை அடித்துக்கொண்டு, தலையை எருமை போலத் தூக்கிக்கொண்டு போனா. நான் சப்பாத்தைக் கழற்றிக் கரையில் எறிந்துவிட்டு அவவுக்கு ஆழமான பக்கமாக நீந்தினேன். கை மறக்கவில்லை.

உனக்கும் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் நீச்சல் பாடத்துக்கு எல்லோரும் போக நீ மட்டும் வாங்கில் உட்கார்ந்திருந்தாயே, காதில் வருத்தம் என்று ஆசிரியைக்குக் கடிதம் எழுதியது நான். உன் காதில் ஒரு குறையும் இருக்கவில்லை. உன்னை வகுப்பில் கேலி செய்தார்கள் என்று அம்மா பிறகு சொன்னா. மன்னித்துக்கொள் பிள்ளை. நீ இருப்பது கடலுக்குப் பக்கத்தில், சின்னவளுக்கும் நாலு வயதாகிறது. இரண்டு பேரும் ஒன்றாகப் பழகுங்கள், வெட்கப்படாதே, அம்மா அறுபத்து நாலில் தொடங்கினா. கடற்கரையில் காவலுக்கு ஆள் நிற்கிற இடமாகப் பார்த்து இறங்குங்கள். அவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களா, கடலைப் பார்க்கிறார்களா என்பதையும் பார்.

மாதா உன்னையும் உன் வீட்டையும் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும். மிதுசனுக்கு எங்கள் அன்பு, சின்னவளுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வை. தன்னைத் தோளில் வைத்திருந்ததால்தான் நான் போகவில்லை என்பது றொனால்டுக்குத் தெரியாது. கரையில் நின்று நாங்கள் அழுததைக் கண்டான், அன்றிலிருந்து என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறான், கேட்கவில்லை. அவனும் என் பிள்ளைதானே, தானாக எதையாவது கட்டி வைத்துக்கொள்ளுவான். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்து நானும் அம்மாவும் சேர்ந்து அவனை உட்கார வைத்துச் சொல்லப் போகிறோம். அதுவரை அவனோடு கதைக்கும்போது வாய் தவறிவிடாதே. சொன்ன அன்றைக்கு இரவு நீ அவனை அழை, எவ்வளவு நேரம் ஆனாலும் போனை வைக்காதே. உன்னைத் தூக்கியிருந்தாலும் நான் அப்படித்தான் நின்றிருப்பேன் என்று அவனுக்குச் சொல்லு.

என்றும் உன் அன்பு அப்பா,
ச. அருட்செல்வம்