தேர்தல் நேரத்தில் கடற்பாசி சூப்

அன்புள்ள அம்மாவுக்கு, சியோலிலிருந்து ஹேரானின் வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று என் பிறந்தநாள் என்று, நம் வழக்கப்படி நீ அனுப்பிய கடற்பாசியில் சூப் வைத்தேன். சமையல் வேலை பார்ப்பது ஜனாதிபதி வேட்பாளர் வீட்டில் என்பதையே மறந்துவிட்டேன். அவருடைய செயலாளர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்.

"வழவழன்னு இருக்கற இதக் குடிச்சா தேர்தல்ல வழுக்கி விழுந்துருவோம்னு தெரியாதா? மொதல்ல கொட்டு."

கொட்டப் போனபோது வேட்பாளரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைம்மா. ஜெயிச்சு ஜனாதிபதி ஆனவங்க எத்தன பேரு கடைசில ஜெயில்ல கெடந்தாங்க. இவரு வழுக்கி விழுந்து எங்கிட்டயே வந்துடட்டும்."

இன்னொரு கட்டுக் கடற்பாசி அனுப்பு. தேர்தல் வரை தினமும் வேண்டுமாம். அவர் தோற்றால் எனக்கும் இங்கே வேலை இருக்காது, அம்மா.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

ஹேரான்