மூன்றாவது சிலிண்டர் மட்டும் ஏன் வெந்தது

என் சிட்டுக்குட்டிக்கு,

குண்டு ஓடுதுடி, நம்ம குண்டுக் காரு இன்னைக்குக் காலையில பத்தே காலுக்கு உறுமிக்கிட்டு எழுந்திரிச்சிருச்சுடி, நாலு சிலிண்டரும் நாலு அக்கா தங்கச்சிங்க மாதிரி ஒரே தாளத்துல பாடுதுங்க!

அப்பாடா, சொல்லிவிட்டேன். இதைச் சொல்லாமல் நலம் விசாரிக்க உட்கார்ந்திருந்தால் என் நெஞ்சு வெடித்திருக்கும். இப்போது முறையாக ஆரம்பிக்கிறேன். நான், அப்பா, குண்டு ஆக மூன்று பேரும் இங்கே சுகம். அங்கே நீயும் உன் இருமலும் எப்படி? இருமல் கிளம்பிப் போய்விட்டது, நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று பதில் வர வேண்டும். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வாங்கியாயிற்று, புதுசைத் தேடப் பழசைப் போட்டுக்கொண்டும் பழசைத் தேடப் புதுசைப் போட்டுக்கொண்டும் வீடெல்லாம் சுற்றுகிறார். அச்சகத்தில் காலண்டர் வேலை வந்துவிட்டதால் அவருடைய பத்து விரலிலும் நீல மை. உன் மாமா டயட்டில் இருக்கிறானாம், அதை நம் வீட்டில் மூன்றாம் தடவை தட்டை நீட்டிக்கொண்டே சொன்னான். இதெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், மெசேஜில் போட்டால் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டு வேலைக்கு ஓடிவிடுவாய். இந்தத் தடவை நான் சொல்லி முடிக்கும்வரை நீ வாயைத் திறக்கக் கூடாது, அதற்குத்தான் கடிதம், தாளை நான் வைத்துக்கொண்டு உனக்குப் படமெடுத்து அனுப்புகிறேன். நல்ல செய்தியை மேலேயே போட்டு உடைத்துவிட்டேன். இன்னொன்று இருக்கிறது, அது நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயம். தாவிப் போய்க் கடைசியைப் பார்க்காதே, வரிசையாக வா.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் திங்கட்கிழமை. இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்த கம்பெனியில் உனக்கு இன்டர்வியூ, அந்த வேலை கிடைத்தால் வாரா வாரம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நீயும் நானும் மனக்கோட்டை கட்டி அதற்கு வெள்ளையும் அடித்து வைத்திருந்தோம். அப்பா தன் உயிரான குண்டின் சாவியை முதல் தடவையாக உன் கையில் கொடுத்து நெடுஞ்சாலைக்கு அனுப்பினார். பாதி வழியில் இன்ஜின் இறுகி நின்றது. நாலு மணி நேரம் வெயிலில் நின்றாய், இன்டர்வியூ கைநழுவிப் போயிற்று. கயிறு கட்டி இழுத்து வந்த வண்டியைப் பார்த்துவிட்டு அப்பா, சாவியக் குடுத்தது என் தப்பு, என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி உள்ளே போனார். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலாம். அதற்கப்புறம்தான் கடல் தாண்டி அவ்வளவு தூரத்தில் இருக்கிற இந்த வேலை வந்தது, நீ கிளம்பினாய். அன்றிலிருந்து நீ பூனையைப் பற்றிக் கேட்கிறாய், மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா என்று கேட்கிறாய், குண்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அங்கே லைசென்ஸ் எடு என்றால், எனக்கு ஓட்ட வராதும்மா, பஸ்லயே போறேன், என்கிறாய். ஓட்ட வராதா? பதினெட்டு வயசில் ரிவர்ஸிலேயே தெருவைச் சுற்றி வந்து பால்காரரை ஓடவிட்டவள் நீ! மாமா வேறு நீ எந்தப் படம் போட்டாலும், பாத்து, அதையும் எரிச்சிராத, என்று எழுதுகிறான். நீ சிரிக்கிற பொம்மையைப் போடுகிறாய். அந்தப் பொம்மைக்குப் பின்னால் உன் முகம் எப்படி இருக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாதா.

குண்டைச் சரிபண்ணியே தீருவது என்று ஆறு மாசம் முன்னால் இறங்கினேன். அப்பா ஷெட் பக்கமே வருவதில்லை, நான் அங்கே தூசு தட்டுகிறேன் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். உனக்குத் தெரியும், குண்டுக்குத் தண்ணீர் கிடையாது, காற்றுதான் அதற்குத் தண்ணீர். இன்ஜின் தலைமேல் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் விசிறி, அது ஊதுகிற காற்று நாலு சிலிண்டரிலும் இருக்கிற செதில்களுக்கு நடுவே புகுந்து போனால்தான் சூடு தணியும். ஆகவே புது பிஸ்டன் சிலிண்டர் செட் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்கக் கூடாது, செதிலைத்தான் பார்க்க வேண்டும். இதெல்லாம் யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, நம் காத்துவண்டி குரூப்பில் ஆறாயிரம் பேர் இருக்கிறோம், பதினோரு வருஷத்துப் பதிவுகளை ஒன்று விடாமல் படித்தேன்! அங்கே என் பெயர் ஊசிநூல், தையல்காரி என்று எல்லோருக்கும் தெரியும், இப்போது புதுசாக வருகிறவர்கள் என்னிடமே சந்தேகம் கேட்கிறார்கள், உன் அம்மா அவ்வளவு பெரிய ஆள். முதல் செட் ஒரு ஆன்லைன் கடையில் வாங்கினேன், படத்தில் கல்யாணப் பெண் மாதிரி மின்னியது. சமையல் தராசில் நிறுத்தேன், மூன்று பிஸ்டன் ஒரே எடை, நாலாவது பதினாலு கிராம் கூட. செதில்களுக்கு நடுவே வார்ப்புப் பிசிர் அடைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு நேரே பிடித்தால் ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. வெளிச்சமே வராத இடத்தில் காற்று எப்படி வரும்? லேத் பட்டறை அண்ணன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது பிஸ்டன் இல்லம்மா, பேப்பர் வெயிட்டு, மேசை மேல வெச்சுக்க, பில்லு பறக்காது, என்றார். கடைக்காரனிடம் கேட்டால், ஓட ஓட சரியாயிடும் மேடம், என்கிறான். ஓட ஓடச் சரியாவதற்கு இது என்ன செருப்பா என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். இரண்டாவது செட் ஒரிஜினல் என்று சொல்லி வந்தது, ஒரிஜினல்தான், ஆனால் தேய்ந்து ஓய்ந்ததைக் கறுப்புப் பெயின்ட் அடித்து எழுப்பி உட்கார வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் ரிங்கைச் சிலிண்டருக்குள்ளே வைத்தால் அதன் வாயிடுக்கில் என் தையல் ஊசி கால் நீட்டிப் படுக்கும். மனுஷ உடம்புக்கு அளவெடுத்தால் அரை இஞ்ச் முன்னே பின்னே இருந்தாலும் மூச்சை இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம், பிஸ்டனுக்கு மூச்சைப் பிடிக்கத் தெரியாதே. அதுவும் திரும்பிப் போயிற்று.

அப்புறம்தான் பல் டாக்டர் வந்தார். குரூப்பில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம், நிஜமாகவே பல் டாக்டர்தான். அவருடைய கிளினிக் அலமாரியில், பஞ்சு டப்பாக்களுக்கு அடியில், நாற்பது வருஷமாக எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் ஒரு செட் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், யார் கேட்டும் அவர் கொடுத்ததில்லை. நான் கேட்டேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பழைய இன்ஜின் எதுல செத்துச்சு, அது தெரியாம புதுச மாட்டுனா இதுவும் அதே வழியிலதான் போகும், என்றார். நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? என் பொண்ணு ஹைவேல வேகமா ஓட்டிட்டா, என்று எழுதினேன். ஆமாம்டி, எழுதினேன், இந்தக் கையால்தான். அவர் நாலு பழைய பிஸ்டனையும் வரிசையாக வைத்துப் படம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஓட்டுனவங்க தப்புன்னா நாலும் வெந்திருக்கும்மா, இங்க மூணு பல்லு சுத்தமா இருக்கு, ஒண்ணு மட்டும் சொத்தை, மூணாவது சிலிண்டருக்குக் காத்தே போகல, ஏன் போகல, என்று. தையல் மெஷின் மேல் போனை வைத்துவிட்டு அந்த 'ஏன் போகல'வையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால்சட்டை வாங்க வந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டு, அப்பறம் வரேங்க, என்று போய்விட்டார்.

ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும், சிட்டு. ஆறு மாசமாகத் தெரியும். முதன்முதலாகத் தகரப் பெட்டியைக் கழற்றித் தூக்கிய அன்றே பார்த்துவிட்டேன், மூன்றாவது சிலிண்டர் பக்கத்து இடுக்கில், ஆயில் கூலருக்கு அடியில், கருகிப்போய் ஒரு துணி. உன் பழைய மஞ்சள் பூப்போட்ட பைஜாமாவின் ஒரு கால். துணி உன்னுடையது, கை என்னுடையது. நீ இன்டர்வியூவுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால், என் பெண் ஜம்மென்று போய் இறங்கட்டும் என்று, ஒரே ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு நான் இன்ஜினைச் சுத்தம் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? நட்டு உள்ளே விழாமல் இருக்க இடுக்கில் துணி அடைக்கச் சொன்னார்கள், அடைத்தேன். பெட்டியைத் திரும்ப மாட்டுகிற இடம் வந்ததும், இதுதான் எனக்குத் தெரியுமே என்று வீடியோவை நிறுத்திவிட்டேன். துணியை எடுத்தாயா என்று கேட்பது கடைசி ஒரு நிமிஷத்தில் இருக்கிறது. போன ஆறு மாசத்தில் அந்த ஒரு நிமிஷத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. வேறு யாராவது என்றால் நட்டைத் தொலைத்திருப்பார்கள், தையல்காரி நான் துணியைத்தானே தொலைப்பேன்.

அன்றே உனக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. துணியைப் பட்டன் டப்பாவுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். நல்ல செட்டாகத் தேடிப் பிடித்து வண்டியை ஓடவைத்துவிட்டு அப்புறம் சொன்னால் தப்பு சின்னதாகத் தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குத்தான் பதினாலு கிராமுக்கெல்லாம் சண்டை போட்டேன், நல்ல சாமானாகத் தேடத் தேட என் மனசும் சுத்தமாகிவிடும் என்று நினைத்தேன் போல. ஆகவில்லை. நடுவில் ஒரு நாள் மாமா உன்னைக் கிண்டல் செய்தபோது, சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வருமோ என்று நானும் சேர்ந்து சிரித்தேன். இன்ஜினை எரித்தது மறதி, அதை மன்னிக்கலாம். அந்தச் சிரிப்பை நீ மன்னிக்க வேண்டுமா என்று எனக்கே தெரியவில்லை.

பல் டாக்டருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பிடுங்குவதுதானே அவர் தொழில், பிடுங்கிவிட்டார். முகம் தெரியாத மனுஷரிடம் முதலில் சொன்னேன், அதற்கும் என்னைத் திட்டு. அவர் ஒரு மணி நேரம் கழித்து, செட்டு உங்களுக்குத்தான், ஆனா வலிச்சது யாருக்கோ அவங்ககிட்டயும் சொல்லிருங்க, என்று எழுதினார். பெட்டி வந்தது. நாலு பிஸ்டனுக்கும் நடுவே ஒன்றரை கிராம்கூட வித்தியாசமில்லை. செதிலுக்குச் செதில் வெளிச்சம் சல்லடை மாதிரி வருகிறது. லேத் அண்ணன் பார்த்ததும் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்துதான் தொட்டார். இரண்டு பேருமாக ஒன்பது நாள் மாட்டினோம். இப்போது ஷெட்டில் எட்டுத் துணிதான், ஒவ்வொன்றின் மூலையிலும் ஒன்றிலிருந்து எட்டு வரை எண் தைத்திருக்கிறேன், எட்டும் வெளியே வந்து வரிசையில் படுத்தால்தான் பெட்டியை மூடுவேன். இன்று காலை அப்பா அச்சகத்துக்குப் போனதும் சாவியைத் திருப்பினோம். மூன்றாவது தடவையில் பிடித்துக்கொண்டது. அண்ணன், அடேங்கப்பா, என்று விசில் அடித்தார். எனக்குக் கைதட்டத்தான் தோன்றியது, ஆனால் அழுகை முந்திக்கொண்டது.

அந்த வேலை உனக்குக் கிடைக்காமல் போனது என்னால். நீ இவ்வளவு தூரம் போனதும் என்னால். அங்கே நீ நன்றாக இருக்கிறாய், உன் பெயர் சொன்னால் ஆபீஸில் தெரிகிறது, சரி, ஆனால் அது உன் சாமர்த்தியம். என் துணியால் நடந்த நல்லது என்று ஒருநாளும் சொல்லிக்கொள்ள மாட்டேன். நீ ஓட்டத் தெரியாதவள் இல்லை. மூன்றாவது சிலிண்டர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, அதையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அந்த வண்டியை ஓட்டிப் போய், லாரிகளுக்கு நடுவே ஓரமாக ஒரு கீறல் இல்லாமல் நிறுத்தினாயே, அதை இந்த வீட்டில் இதுவரை ஒருவர்கூட உன்னிடம் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். பிரமாதமாக ஓட்டினாய்.

அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. வருகிற ஞாயிறு எங்கள் நேரம் சாயங்காலம் நாலு மணிக்கு அப்பா, மாமா, லேத் அண்ணன் எல்லோரையும் ஷெட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், எதற்கு என்று சொல்லவில்லை. நீ வீடியோவில் வா. முதலில் இந்தக் கடிதத்தைத்தான் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிப்பேன், சாவியைத் தொடுவது அதற்கப்புறம்தான். நடுவில் நான் நிறுத்திவிட்டால் விட்ட வரியிலிருந்து நீ எடுத்துப் படி. அப்பா என்ன சொல்வார் என்று தெரியாது, இரண்டு வருஷம் உன்மேல் இருந்த பாரம் அந்த நிமிஷம் யார்மேல் ஏற வேண்டுமோ அவர்மேல் ஏறட்டும், எனக்குத் தோள் இருக்கிறது.

நோய் நொடி அண்டாமல், போகிற வழியெல்லாம் பச்சை விளக்காக எரிய, என் ராசாத்தி நூறு வருஷம் நல்லா இருக்கணும். ஞாயிறு, நாலு மணி, போனில் சார்ஜ் போட்டு வை. அதற்கு முன்னால் எனக்குப் பதில் எழுது. கோபம் வந்தால் கோபத்தையே எழுது, பக்கம் பக்கமாகத் திட்டு, ஒவ்வொரு வரியும் படிப்பேன். பரவாயில்லம்மா என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கிற,
அம்மா