பதினெட்டில் ஒன்று குறைந்தது

கப்பலிலிருந்து,
14.3.94

அன்புள்ள உங்களுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள், இப்போதுதான் உட்கார முடிந்தது. நான் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி? அத்தைக்குச் சர்க்கரை குறைந்ததா?

இங்கே நாலு மணிக்கு ஆபத்துக்கால டிரில், ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பும் கொண்டாட்டம். இன்று பயணிகள் தாமதமாக வந்ததால் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. சங்கு ஊதியதும் கப்பலின் குழந்தைகள் காப்பகத்தில் என் பொறுப்பிலுள்ள பதினெட்டுக் குழந்தைகளுக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்ட வேண்டும். எண்ணினால் பதினேழு. மூன்று வயதுப் பெண் ஒருத்தியைக் காணோம். பாண்டு சத்தத்துக்கு நடுவே கத்திக்கொண்டே மேல்தளத்துக்கு ஓடினேன். பயப்படாதீர்கள், அவளுடைய அப்பாதான் என்னிடம் சொல்லாமல் தூக்கிப் போயிருக்கிறார்.

அங்கே பலூன் கட்டிக்கொண்டிருந்த நம் கோவளத்து ஏசுபாதம் அண்ணன், "இன்னாம்மா, அந்தப் பாப்பா ஷோக்கா டான்ஸ் ஆடிகினு கீது. நீ இன்னான்னா ஜெமி, ஜெமின்னு உன் பொண்ணைக் கூப்புட்டுகினு ஓடியார!" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

ஜெமியின் போட்டோ ஒன்று அனுப்புங்கள். வாசலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, அந்தச் சம்ப் மூடிக்கு நாளைக்கே பூட்டு வாங்கிவிடுங்கள். அறைத்தோழி விளக்கை அணைக்கச் சொல்கிறாள். பூட்டு போட்டாயிற்று என்று ஒரு வரி உடனே எழுதுங்கள்.

அருள்மேரி